இறந்தோரை அடக்கம் செய்தல்: அமெரிக்க ஹங்கேரியரின் சகோதர சகாய சங்கங்கள்

சரீர சம்பந்தமான இரக்கச் செயல்கள் ஏழையும் ஞானோபதேச வகுப்பிலே மனப்பாடம் செய்தவர்கள் நாம். பசித்தவனுக்கு உணவு கொடுப்பதில் தொடங்கும் அந்த வரிசை இறந்தோரை அடக்கம் செய்வதில் முடிகின்றது. முதல் ஆறும் நமதாண்டவர் இறுதித் தீர்வையைப் பற்றிச் சொன்ன இடத்திலே, மத்தேயு 25ஆம் அதிகாரத்தில், வருகின்றன. ஏழாவது அங்கே இல்லை. தோபித்தின் வரலாற்றை நினைவில் வைத்துத் திருச்சபை அதனைச் சேர்த்துக்கொண்டது. வகுப்பிலே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால் நிச்சயம் கேட்கும்: “செத்தவருக்கு நாங்கள் என்ன உதவி செய்ய ஏலும்?”

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோருக்கு ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரியரின் வரலாறு நல்லதொரு பாடம். நமது பங்குகளிலும் கிராமங்களிலும் மரண சகாய சங்கங்கள் உண்டு. ஆகவே அவர்கள் செய்தது நமக்கு முற்றிலும் புதியதல்ல. ஆனால் அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதைச் சற்று ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.

சுரங்கத்து வாசலில்

பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஹேசில்ரன் என்றொரு பட்டினம். சுற்றுவட்டாரம் முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்கள். 1880களில் இங்கே வேலைக்கு வந்தவர்களில் ஹங்கேரிய இராச்சியத்துக் கமக்காரர் பலர் இருந்தனர். பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரிலே விட்டுவிட்டு வந்த ஆண்கள். நாலைந்து வருடம் உழைத்து, காணி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவதே அவர்களின் எண்ணம். திரும்பிப் போனவர்களும் அநேகர். எஞ்சியவர்கள் விடுதி வீடுகளிலே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். பகல் வேலைக்காரன் எழுந்து போன படுக்கையிலே இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். சமைப்பது, துவைப்பது எல்லாம் அந்த வீட்டுக்காரி ஒருத்தியின் தலையிலே. அவளுடைய உழைப்பைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

சுரங்கத்திலே கூரை இடிந்து விழுவதும் வாயு வெடிப்பதும் சாதாரண சம்பவங்கள். இறந்தவனின் உடலைக் கம்பனி வண்டி கொண்டுவந்து வீட்டுத் திண்ணையிலே இறக்கிவிட்டுப் போய்விடும். நட்டஈடு கிடையாது. பென்சில்வேனியாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது 1915ஆம் ஆண்டிலேதான். குடியிருந்த வீடும் கம்பனிக்குச் சொந்தமானால் விதவை அதையும் காலிசெய்ய வேண்டும். குடும்பமே இல்லாத தனி ஆளின் கதி இன்னும் மோசம். பாஷை தெரியாத ஊரிலே, பிரேதப் பெட்டிக்குப் பணம் கொடுக்க ஆளின்றி, செபம் சொல்ல ஒரு குருவானவரின்றி, பொதுச் செலவில் பிச்சைக்காரர் புதைகுழிக்குப் போகவேண்டியதுதான்.

1886ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹேசில்ரனிலே ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளர் 13 பேர் கூடி ஒரு சங்கத்தை ஆரம்பித்தனர். வெர்ஹொவாய் சகாய சங்கம் என்பது அதன் பெயர். நோயாளிக்கு உதவி, இறந்தவனுக்கு மரியாதையான அடக்கம், குடும்பத்துக்குக் கையிலே கொஞ்சப் பணம்: இவையே நோக்கம். படித்தவர் எவரும் வந்து சொல்லிக்கொடுத்து நடந்த காரியமல்ல இது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கியூலா வெர்ஹொவாய் என்பவர் அக்கால ஹங்கேரிய நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகையாளர், சுதந்திரக் கட்சிக்காரர். ஏழைகளின் குரலாக அவரைச் சுரங்கத் தொழிலாளர் எண்ணியிருக்கலாம். ஆனால் அதே மனிதர் யூதர் மீது பகைமையை மூட்டிய எழுத்தாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். நல்ல காரியத்துக்குத் தகுதியில்லாத பெயர் வைக்கப்படுவது உலகத்தில் நடக்கிறதுதான். அந்தப் பெயர் ஏறக்குறைய 70 ஆண்டுகள் நிலைத்தது.

சங்கம் என்ன செய்தது?

மாதம் ஒருமுறை, பெரும்பாலும் ஞாயிறு பூசைக்குப் பின், கிளைக் கூட்டம். சந்தாவை எழுதிக்கொள்ளப் பொருளாளர் ஒருவர், கூட்டக் குறிப்பு எழுதச் செயலாளர் ஒருவர். ஊரிலே கையெழுத்துக்கூடச் சரியாக வைக்கத் தெரியாதவன் இங்கே எழுந்து நின்று பேசவும், வாக்களிக்கவும், கணக்குக் கேட்கவும் பழகினான். சகோதர சங்கம் என்று பெயர் பெற்றவை எல்லாவற்றுக்கும் இது பொது விதி: பங்குதாரர், முதலாளி என்று எவரும் இல்லை, அங்கத்தவரே சொந்தக்காரர், கிளைகள் அனுப்பும் பிரதிநிதிகள் மாநாட்டிலே கூடித் தலைவர்களைத் தெரிவார்கள்.

நோயாளிகளைச் சந்திக்க ஒரு குழு இருந்தது. ஆறுதல் சொல்வது அதன் முதல் வேலை. ஆள் உண்மையாகவே நோயாளிதானா, அல்லது சங்கப் பணத்தில் படுத்துக் கிடக்கிறானா என்று பார்த்து வருவது இரண்டாவது வேலை. சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் ஏழைகளின் சதங்களைக் காக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அங்கத்தவர் இறந்தால் மற்றவர்கள் அடக்கத்துக்குப் போகவேண்டும். இது விருப்பமல்ல, கடமை. காரணமின்றி வராதவனுக்குத் தண்டப்பணம் விதித்த சங்கங்கள் பல. ஒவ்வொருவரிடமும் மார்பிலே குத்திக்கொள்ளும் நாடாச் சின்னம் ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் வர்ணமும் சரிகையுமாக, திருநாள் ஊர்வலங்களுக்கு. மறு பக்கம் கறுப்பு, அடக்க நாளுக்கு. ஒரே சின்னத்தைத் திருப்பிக் குத்திக்கொள்வார்கள். யாருமற்ற ஒரு தனி மனிதனின் பிரேதப் பெட்டிக்குப் பின்னால், கறுப்புப் பக்கத்தைத் திருப்பிக் குத்திய ஐம்பது அறுபது பேர் இரண்டிரண்டாக நடந்து போவதைச் சற்று மனக்கண்முன் கொண்டுவாருங்கள். செத்தவருக்கு என்ன உதவி என்று கேட்ட பிள்ளைக்கு அதுவே மறுமொழி.

1907ஆம் ஆண்டு மார்கழி

ஹேசில்ரனுக்குப் பக்கத்திலே லற்றிமர் என்னும் சுரங்கக் கிராமம். 1897 செப்டெம்பர் 10ஆம் திகதி அங்கே ஆயுதமின்றி ஊர்வலமாக வந்த வேலைநிறுத்தக்காரர் மீது ஷெரிப்பின் ஆட்கள் சுட்டனர். 19 பேர் மாண்டனர். போலந்தியர், ஸ்லோவாக்கியர், லித்துவேனியர் அவர்களுள் இருந்தனர். வழக்கு நடந்தது, சுட்டவர்கள் விடுதலையாயினர். அந்நிய தொழிலாளியின் உயிர் அந்த மாநிலத்திலே என்ன பெறுமதி பெற்றது என்பதை இது காட்டும்.

பத்து ஆண்டுகளின் பின் வந்தது அதனிலும் பெரிய துக்கம். 1907 டிசெம்பர் 19ஆம் திகதி வியாழக்கிழமை, மேற்குப் பென்சில்வேனியாவில் டார் என்னும் சுரங்கத்திலே வாயுவும் கரித்தூளும் வெடித்து 239 பேர் இறந்தனர். வளர்ந்தவர்களுடன் சிறுவர்களும் அதிலே உண்டு. ஹங்கேரியர் பெருந்தொகையினர். ஒலிவ் பிராஞ்ச் என்னும் சேமக்காலையில் 71 பேரை ஒரே பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள். அவர்களில் 49 பேர் இன்னாரென்று அடையாளம் காணமுடியாதவர்கள். முந்திய நாள் அபாயம் என்று அடைக்கப்பட்ட பகுதிக்குள் திறந்த விளக்குடன் தொழிலாளர் போனதே காரணம் என்று விசாரணை கூறியது. கம்பனி பொறுப்பில்லை என்று விடுவிக்கப்பட்டது. ஆயினும் அதன்பின் திறந்த விளக்குகளை அக்கம்பனியே கைவிட்டது!

அன்று அந்தச் சுரங்கத்திலே இருந்திருக்கவேண்டிய வேறு பலர் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் கார்ப்பாத்திய மலைநாட்டிலிருந்து வந்த ருசீனியர். கிரேக்க வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர். பழைய பஞ்சாங்கம் நமது பஞ்சாங்கத்துக்கு 13 நாட்கள் பிந்தியது. ஆகவே நமக்கு டிசெம்பர் 6ஆம் திகதி வரும் புனித நிக்கலஸ் திருநாள் அவர்களுக்கு 19ஆம் திகதி வந்தது. சம்பளத்தை விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனவர்கள் உயிர் தப்பினார்கள். இதைச் சொல்லும்போது அவதானமாயிருக்க வேண்டும். பூசைக்குப் போனவனைக் கடவுள் காத்தார், போகாதவனைத் தண்டித்தார் என்று எவரும் கணக்குப் போடக் கூடாது. மாண்டவர்களும் விசுவாசிகளே, அவர்களின் பஞ்சாங்கத்திலே அன்று திருநாள் இல்லை, அவ்வளவுதான். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் சொன்னதை இங்கே நினைக்கலாம்.

இத்தகைய நாட்களில்தான் சங்கத்தின் பெறுமதி தெரிந்தது. தப்பியவரும் மாண்டவரும் ஒரே பெட்டியிலே போட்ட சதங்கள் விதவையின் கைக்குப் போயின.

திருச்சபையும் சங்கங்களும்

1884ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இரகசியச் சங்கங்களை, முக்கியமாகப் பிறீமேசன் சங்கத்தை, வன்மையாகக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். சத்தியம், சடங்கு, கடவுச்சொல் என்றிருந்த எந்தச் சங்கத்தையும் அமெரிக்கக் குருமார் சந்தேகத்துடன் பார்த்த காலம் அது. ஆனால் தடைசெய்தால் மட்டும் போதுமா? வீட்டுத் தலைவன் இறந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? கனெற்றிக்கட் மாநிலத்திலே நியூஹேவன் நகரில் உதவிப் பங்குக்குருவாக இருந்த வண. பிதா மைக்கல் மக்கிவ்னி இந்தக் கேள்வியைத் தம் சொந்த வீட்டிலே அனுபவித்தவர். அவர் குருமட மாணவனாயிருந்தபோதே தகப்பனார் இறந்துவிட்டார். அவர் 1882ஆம் ஆண்டு தொடங்கிய கொலம்பஸ் வீரர் சபை கத்தோலிக்க ஆண்களுக்கென அமைந்த சகாய சங்கமாகும். 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. காப்புறுதிச் சங்கம் ஆரம்பித்த ஒருவர் பீடத்துக்கு உயர்த்தப்பட்டது சிந்திக்கத்தக்கது.

ஸ்லோவாக்கியருக்காக வண. பிதா ஸ்தேபான் பூர்டெக் 1890ஆம் ஆண்டு கிளீவ்லண்டிலே கத்தோலிக்க ஐக்கியம் ஒன்றை நிறுவினார். ருசீனியரின் கிரேக்க கத்தோலிக்க ஐக்கியம் 1892ல் வந்தது. ஹங்கேரியக் கத்தோலிக்கருக்கும் தனிச் சங்கங்கள் தோன்றின. கல்வினிய சீர்திருத்த சபையார் 1896ல் தமக்கென ஒன்றை அமைத்தனர். வெர்ஹொவாய் சங்கமோ எல்லாருக்கும் பொதுவாக நின்றது. கத்தோலிக்கனும் கல்வினியனும் ஒரே மேசையிலே சந்தா கட்டினார்கள். சுரங்கத்துக் கூரை விழும்போது சமயம் கேட்டு விழுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

1891ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி அதே 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைமை பற்றி வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலைப் பலரும் சம்பளத்தையும் சொத்துரிமையையும் பற்றியதாக மாத்திரம் அறிவர். அதன் பிற்பகுதியை வாசித்தால், தொழிலாளருக்கும் அவர்களின் விதவைகள், அநாதைகளுக்கும் உதவும் பரஸ்பர சகாய சங்கங்களை அவர் எடுத்துப் பாராட்டியிருப்பதைக் காணலாம். ஹேசில்ரனில் அந்தப் பதின்மூவர் ஐந்து வருடம் முந்திவிட்டார்கள்!

குருவானவர் வந்த கதையும் சுவையானது. கிளீவ்லண்டிலே ஹங்கேரியர் பெருகியபோது அவர்களின் பாஷையில் பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. ஆயர் ஹோஸ்ற்மன் காலத்திலே, 1892ஆம் ஆண்டு, ஹங்கேரியிலிருந்து வண. பிதா காரொலி பேம் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் முதலாவது ஹங்கேரிய இலத்தீன் முறைக் கத்தோலிக்கப் பங்கு புனித எலிசபெத்தம்மாளின் பெயரால் உருவானது. பசித்தோருக்குப் பாண் சுமந்த அரசகுமாரியின் பெயரைத் தெரிந்ததிலே பொருத்தம் இருக்கிறது. பேம் சுவாமி ஒரே கோவிலோடு அடங்கியிருக்கவில்லை. இரயிலேறி, ஹங்கேரியர் வாழ்ந்த தூர இடங்களுக்கெல்லாம் போய்ப் பூசை வைத்தார். ஒரு பத்திரிகையும் நடத்தினார். இப்போதுள்ள பெரிய கற்கோவில் 1922ல் முடிந்தது.

எல்லாம் சமாதானமாய் நடந்தது என்று எண்ணவேண்டாம். 1902ஆம் ஆண்டு ஹங்கேரியர் தம் தேசத் தலைவர் கொசூத்துக்குக் கிளீவ்லண்டின் நடுச் சதுக்கத்திலே சிலை எழுப்ப முயன்றபோது, ஹங்கேரிய ஆட்சியிலே நசுக்கப்பட்ட ஸ்லோவாக்கியர் கடுமையாக எதிர்த்தனர். சிலை நகரின் வேறொரு பகுதிக்குப் போயிற்று. ஒரே சுரங்கம், ஒரே நற்கருணை, ஆயினும் பழைய ஊர்ப் பகையைக் கப்பலிலே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

திராட்சை திருடுகிறவர்கள்

துக்க வீட்டோடு மாத்திரம் நின்றிருந்தால் எந்தச் சங்கமும் நீடித்திராது. இலையுதிர் காலத்திலே திராட்சை அறுவடை நடனம் என்றொரு கொண்டாட்டம் உண்டு. மண்டபத்துக் கூரையிலே கயிறு கட்டித் திராட்சைக் குலைகளைத் தொங்கவிடுவார்கள். ஆடிக்கொண்டே குலையைப் பறிக்க முயலவேண்டும். காவற்காரர் வேடமிட்ட இளைஞர் பிடித்துவிட்டால் ‘நீதவான்’ முன் நிறுத்துவார்கள். தண்டப்பணம் கட்டினால்தான் விடுதலை. தண்டப்பணம் போகுமிடம் கோவில் நிதி அல்லது சங்கப் பெட்டி. ஆகவே பிடிபடவேண்டுமென்றே திருடுகிற பெரியவர்களும் உண்டு.

கோடையிலே வெளியிடங்களில் ஒன்றுகூடி, பன்றிக் கொழுப்புத் துண்டைக் கம்பியிலே குத்தி நெருப்பில் வாட்டுவார்கள். வடியும் நெய்யைப் பாண் துண்டிலே பிடித்து, மேலே வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய் அரிந்து போட்டுச் சாப்பிடுவது. வைத்தியர் சம்மதிக்கமாட்டார். ஆனால் இதற்கு அவசரப்பட முடியாது. நெருப்பைச் சுற்றி மணிக்கணக்காக நின்று கதைக்கவேண்டும். உண்மையில் அந்தக் கதைதான் விருந்து.

செபமாலைச் சபைப் பெண்கள் கோவிலின் நிலவறைச் சமையலறையிலே கூடி, வரிப்பலகையில் மாவைச் சுருட்டி நத்தை வடிவத்திலே சூப்புக்குரிய சிறு மாவுருட்டிகள் செய்வார்கள். விற்ற பணத்தால் கட்டப்பட்ட கோவில்கள் எத்தனையோ! ஒஹாயோ மாநிலத்து ரொலிடோ நகரிலே பேர்மிங்ஹம் என்னும் ஹங்கேரியப் பகுதியில், புனித முடியப்பர் அரசரின் பங்கைச் சேர்ந்தவர்கள், மரத்தாற் செய்த சிறு கோவிலைச் சுமந்து சென்று பெத்லகேம் நாடகம் ஆடும் வழக்கத்தைக் காத்துவந்தனர்.

கணக்கிலே வந்த சோதனை

இளகிய மனம் இருந்தும் இத்தகைய சங்கங்கள் பல அழிந்துபோயின. காரணம் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். 200 இளைஞர் சேர்ந்து, ஒருவர் இறக்குந்தோறும் ஆளுக்கு 1 டொலர் போடுவதென்று தீர்மானிக்கிறார்கள். விதவைக்கு 200 டொலர். வருடத்தில் இரண்டு மரணம் என்றால் ஆளுக்கு 2 டொலர், பாரமில்லை. முப்பது வருடம் போகின்றது. எல்லாருக்கும் வயதாகிவிட்டது, வருடத்தில் எட்டு மரணம். ஆளுக்கு 8 டொலர். புதிதாகச் சேர வரும் வாலிபன் இதைப் பார்த்துவிட்டு, மலிவாகக் கிடைக்கும் வேறிடத்துக்குப் போகிறான். ஆட்தொகை 100 ஆகக் குறைகின்றது. அப்போது இறப்பவனின் குடும்பத்துக்கு 100 டொலர்தான். முப்பது வருடம் கட்டியவனுக்கே ஏமாற்றம்.

எவரும் களவு செய்யவில்லை, எல்லாரும் யோக்கியர்கள், ஆயினும் நீதி தவறிவிட்டது. இதைத் திருத்த, வயதுக்கேற்ற கட்டணமும் முன்கூட்டியே சேமித்து வைக்கும் ஒதுக்கு நிதியும் வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மாநிலச் சட்டங்கள் வற்புறுத்தத் தொடங்கின. முதியவரின் கட்டணம் உயர்ந்தபோது கூட்டங்களிலே எவ்வளவு கசப்பு ஏற்பட்டிருக்கும்! ‘சகோதரர் என்று சொல்லிவிட்டு வயதைக் கணக்குப் பார்ப்பதா?’ என்று கேட்டிருப்பார்கள். என் அபிப்பிராயத்தில் கணக்குப் பார்ப்பதே சகோதரத்துவம். நாளைக்கு வரப்போகும் விதவையை இன்றைக்கே நினைப்பதல்லவா அது?

சிறு சங்கங்கள் பெரியவற்றோடு இணைந்தன. 1955ஆம் ஆண்டு வெர்ஹொவாய் சங்கமும், கனெற்றிக்கட்டில் பிறிட்ஜ்போட் நகரிலே 1888ல் தோன்றிய ராக்கோட்சி சகாய சங்கமும் ஒன்றாகி வில்லியம் பென் சகோதர சங்கம் ஆயின. தலைமையகம் அப்போது பிற்ஸ்பேர்க்கில் இருந்தது. 1972ல் பெயர் வில்லியம் பென் சங்கம் என்று சுருங்கியது. வில்லியம் பென் ஹங்கேரியரல்ல. பென்சில்வேனியாவை நிறுவி, பல சமயத்தவருக்கும் அங்கே இடம் கொடுத்த குவேக்கர் சபையார். தாய்நாட்டு அரசியல்வாதியின் பெயர் போய், வந்தேறிய நாட்டின் பெயர் வந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

பேரப்பிள்ளைகள் காலம்

1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தோடு புதியவர் வருகை பெரிதும் நின்றது. 1956ஆம் ஆண்டுப் புரட்சி நசுக்கப்பட்டபின் 30,000க்கு மேற்பட்ட அகதிகள் அமெரிக்கா வந்தனர். நியூஜேர்சியிலே கில்மர் முகாமில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். பழையவர்கள் கைகளைத் திறந்து ஏற்றார்கள். ஆனால் பட்டணத்தில் படித்து வந்தவனுக்கும் சுரங்கத்துக் கிழவனுக்கும் இடையே பேச்சு எளிதில் ஒட்டவில்லை. கிழவனின் ஹங்கேரியம் 1900ஆம் ஆண்டுக் கிராமத்து ஹங்கேரியம். பாதி ஆங்கிலம் கலந்தது. 15 ஆண்டுகள் புடாபெஸ்ற் அமெரிக்கத் தூதரகத்திலே அடைபட்டிருந்து 1971ல் வெளியேறிய கர்தினால் மின்செந்தி, 1973, 1974ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஹங்கேரியரைச் சந்திக்க வந்தபோது இரு சாராரும் ஒன்றாக முழந்தாளிட்டார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு நோய்ச் சந்தா தேவைப்படவில்லை. அரசாங்க ஓய்வூதியமும் தொழிற்சாலைக் காப்புறுதியும் வந்துவிட்டன. ஆகவே சங்கங்கள் பந்துருட்டுப் போட்டி, கோல்ஃப் போட்டி, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில், ஹங்கேரிய மொழியும் சமையலும் பழக்கும் முகாம் என்று மாறின. இதிலே சட்டத்தின் பங்கும் உண்டு. கிளைகளும் பொதுநல வேலையும் இருப்பதனால்தான் அமெரிக்க அரசு இச்சங்கங்களுக்கு வருமான வரிவிலக்கு அளிக்கிறது. கிளைக் கூட்டம் செத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு காப்புறுதிக் கம்பனி மட்டுமே. கூட்டத்துக்குப் பத்துப்பேர் வந்தால் அதிசயம் என்ற நிலையிலே பழைய செயலாளர்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கோவில்களுக்கும் அதே சோதனை. கிளீவ்லண்டின் மேற்குப் பக்கத்திலே 1904ல் தொடங்கிய புனித எமெரிக் பங்கை, ஆட்குறைவும் பணக்குறைவும் காரணமாக மறைமாவட்டம் 2010ஆம் ஆண்டு மூடியது. பங்கு மக்கள் சண்டைக்குப் போகவில்லை. வீட்டிலே சும்மா இருக்கவுமில்லை. திருச்சபைச் சட்டப்படி உரோமைக்கு மேன்முறையீடு எழுதினார்கள். மூடப்பட்ட வேறு பல பங்குகளும் அவ்வாறே செய்தன. 2012ஆம் ஆண்டு குருக்களுக்கான உரோமைப் பேராயம் கிளீவ்லண்டின் 13 பங்குகள் மூடப்பட்டது செல்லாது என்று தீர்த்தது. ஆயரும் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு நவெம்பரிலே புனித எமெரிக் கோவிற் கதவு திறந்தது. ஹங்கேரிய மொழியிலே திருப்பலி மீண்டும் நடந்தது.